தேன் கலந்து கொடுக்கலாமா?

கொசுப்புழுவைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. ஒரு கண்ணாடிக் கோப்பையில் நாலைந்து புழுக்களை விட்டு, காலையில் மீந்துபோன காபியை ஊற்றினாலும் பாதி செத்துவிடும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் இந்நேரம் ஏதாவது ஒரு பழத்தோலை அரைத்து ஊற்றி, புழுக்கள் அடியில் போய்ப் படுத்ததைப் பார்த்து, உலகத்துக்கே நல்லது செய்துவிட்டதாக வீட்டுக்குப் போன் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அந்த நாத்தத்தோட ஆத்துக்குள்ள வராதே. கொல்லைப் பக்கமா வந்து குளிச்சுட்டு வா" என்றார். மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. கொல்லைப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அதை அவர் யோசிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டார்கள். எந்தத் தோலை நிழலில் உலர்த்துவது, எதை வெயிலில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் போனில் தேடிக்கொள்வீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி. மருந்து என்கிற சொல்.

நம் ஊரில் டாக்டர் கொடுப்பதும் மருந்து, கொசுவுக்கு அடிப்பதும் மருந்து. ஒருத்தி மருந்து சாப்பிடுகிறாள் என்றால் தேறிவருகிறாள் என்று அர்த்தம். மருந்தைக் குடித்துவிட்டாள் என்றால் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த வித்தியாசம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. புரிந்துவிடுகிறது என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் நிலையம் அப்போது அடையாறில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இருந்தது. தி. நகர் ஜூஸ் கடைகளில் இருந்து தினமும் மூட்டை மூட்டையாகச் சாத்துக்குடித் தோல் வரும். மழைக்கு முந்தைய மாதங்களில் சீத்தாப்பழ விதையும் வரும். மில்க் ஷேக்கும் ஐஸ்கிரீமும் போடுகிறவர்கள் விதையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எங்கே கிடைக்கும் என்று தவித்துக்கொண்டிருந்தோம். ஊரில் பெண்கள் பேனுக்குத் தலையில் அரைத்துப் போடுவார்களே, அந்த விதைதான். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று போட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோலின் எண்ணெயையும் விதையின் சாற்றையும் கொஞ்சம் சோப்போடு கலந்தால், தேங்கின தண்ணீரில் இருக்கும் டெங்குக் கொசுவின் புழு தப்பிக்காது. பழுப்பு நிறம், சாத்துக்குடி வாசனை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது யோசித்தால் அதுதான் சிக்கல்.

எங்கள் இயக்குநர் என்னைவிட மிகவும் இளையவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அதனாலேயே தமிழின் மேல் அளவு கடந்த அன்பு வைத்திருந்தார். நிலையத்தில் கதவுக்குக்கூட "தள்ளுக", "இழுக்க" என்று எழுதி ஒட்டியிருந்தார். எங்கள் தயாரிப்புக்கு ஒரு லேபிள் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, அவரே வாசகம் எழுதினார். "டெங்குவை விரட்டும் இயற்கை மருந்து. பழங்களிலிருந்து தயாரிக்கப்பட்டது. வாரம் ஒரு மூடி." அதற்குக் கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில், "தேங்கிய நீரில் இடவும்." அதற்கும் கீழே என் போன் நம்பர். அவர் நம்பரைப் போட்டால் கூட்டத்தில் இருக்கும்போது தொந்தரவாகும் என்றார்.

வெளிச்சம் பட்டால் சாறு கெட்டுவிடும் என்பதால் பழுப்பு நிற பாட்டில் வாங்கினோம். மொத்தமாக வாங்கும்போது அளந்து ஊற்ற மூடியும் சேர்ந்தே வந்தது. இருமல் டானிக்குக்கு வருமே, அதே பாட்டில், அதே மூடி.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு குடியிருப்பு. பாதிப் பேரை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை செய்வதால் போகாமல் இருந்தார்கள். லாரித் தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து வைப்பார்கள், டிரம்மில் கொசு முட்டையிடும். பரிசோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று தேர்ந்தெடுத்தோம். கல்லூரி மாணவர்கள் தெருமுனையில் ஒரு மேசை போட்டு, வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள்.

அதே மூலையில், அதற்கு முந்தின வாரம், யாரோ ஒரு மேசை போட்டு நிலவேம்புக் கசாயம் கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்தால் சென்னையில் அது நடப்பதுதான். கறுப்பாக, கசப்பாக, இலவசமாக ஒரு டம்ளர். எங்களுடையது பழுப்பாக, கசப்பாக, இலவசமாக ஒரு பாட்டில். இது எங்கள் யாருக்கும் தெரியாது. தெருவில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பாட்டில் கொடுத்த அன்றைக்கு நான் மேசையருகே இல்லை. தி. நகரில் ஒரு ஜூஸ் கடைக்காரரிடம், தோல் மூட்டையில் ஸ்ட்ராவையும் பிளாஸ்டிக் டம்ளரையும் சேர்த்துப் போடாதீர்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதே சண்டை. அப்போதுதான் போன் வந்தது.

"மேடம், மருந்து பாட்டில்ல உங்க நம்பர் கீது. கால்வா ஓரத்துலருந்து மஞ்சுளா பேசறேன்."

"சொல்லும்மா."

"மருந்து ரொம்ப கசக்குது மேடம். தேன் கலந்து குடுக்கலாமா?"

கொசுப்புழுவுக்குத் தேன் எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். கடைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா?"

"எம்பொண்ணுக்கு. யாழினிக்கு. ஜொரம் வந்து படுத்துகினு கீது. காலைல ஒரு மூடி குட்த்தேன், வாந்தி எடுத்துட்சி. தேன் போட்டா உள்ள நிக்கும்ல?"

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு போன் வரும். வராமல் இருக்கட்டும், ஆனால் வரும். அப்போது முதலில் தோன்றுவது அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டும் என்றுதான். பாட்டிலில் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று. எனக்கும் வாய் வரை வந்தது. பிறகு எழுதியிருந்தது என்ன என்று ஞாபகம் வந்தது. டெங்குவை விரட்டும் இயற்கை மருந்து, வாரம் ஒரு மூடி. அவள் படித்திருக்கிறாள், எழுதியபடியே செய்திருக்கிறாள்.

"மஞ்சுளா, கேளும்மா. இன்னும் ஒரு சொட்டுகூடக் குடுக்காதே. வாந்தி வரவைக்கவும் பாக்காதே. பாட்டிலோட குழந்தையத் தூக்கிக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நான் அங்க வரேன்."

"ஆஸ்பத்திரிக்கா? முந்தாநேத்து தான் போனேன் மேடம். பகல் முச்சூடும் நின்னேன். ஜொர மாத்தர குட்த்து அனுப்ச்சிட்டாங்க. மறுபடி எதுக்கு? இது இயற்கைனு சொன்னாங்களே அந்தப் பசங்க."

இந்த இடத்தில் என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் இல்லை. "அது குடிக்கிறதுக்கு இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் தடவிக்கொள்வதற்கா என்று கேட்டிருப்பாள். "உடம்புக்கு ஒத்துக்காது" என்று சொல்லியிருக்கலாம். சரி, சாயந்தரம் வரை பார்க்கலாம் என்று இருந்திருப்பாள். வேலைக்காரி லீவு போட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது சின்ன விஷயம் இல்லை, அதற்குத் தகுந்த சொல் வேண்டும்.

"அது விஷம்மா" என்றேன்.

கோபம்கூட இல்லாமல், சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரி கேட்டாள்.

"விஷத்தையா மேசை போட்டு குட்த்தீங்க?"

"ஆமா. கொசுவுக்கு."

போனை வைத்துவிட்டாள். ஜூஸ் கடைக்காரர், "இன்னா மேடம், ஸ்ட்ரா தான? நாளையிலருந்து தனியா போட்ர்றோம், இதுக்குப் போயி கண் கலங்கறீங்க" என்றார்.

ஆட்டோவில் போகும்போதே மாணவர்களுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாட்டில்களைத் திரும்ப வாங்குங்கள், யார் குடித்தார்கள் என்று கேளுங்கள் என்றேன். "குடிச்சாங்களா?" என்று கேட்ட மாணவனின் குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இயக்குநருக்கும் சொன்னேன். கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து பேசினார்.

"மேடம், பதற வேண்டாம். எலிக்குக் குடுத்துப் பாத்தப்ப ஒண்ணும் ஆகலையே."

"யாழினி எலி இல்ல சார்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"நீங்க கால்வாய்க்குப் போங்க சார். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மஞ்சுளா எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். வீட்டில் போட்டது போட்டபடி ஓடிவந்தவள், இடுப்பில் செருகிய முந்தானையை இன்னும் எடுக்கவில்லை. குழந்தைக்கு எட்டு வயது இருக்கும். தோளில் சாய்ந்துகொண்டு, அம்மாவின் தாலிக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. நான்தான் அந்த மேடம் என்று சொன்னதும் மஞ்சுளா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்பொண்ணுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உன்ன சும்மா உட மாட்டேன் மேடம்."

"விடாதே" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நிலையத்தைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி இல்லை, தாலிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்ன விரலைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பணியில் இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வருகிற எல்லாரையும் படுக்க வைக்க எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் கிடையாது. அவர் குழந்தையின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வாந்தில எல்லாம் வெளிய வந்திருக்கும். நல்லாத்தான் இருக்கா. என்ன குடிச்சா?"

"எங்க நிலையத்துல செஞ்ச கொசுப்புழு மருந்து" என்று சொல்லிவிட்டு, "கொசுப்புழு விஷம்" என்று திருத்தினேன்.

"என்ன கெமிக்கல்?"

"சாத்துக்குடித் தோல், சீத்தாப்பழ விதை, கொஞ்சம் சோப்பு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு குடுத்தது?"

"நாங்கதான்."

"இதுக்கு மாத்து மருந்து?"

"கிடையாது."

"இவ்வளவு குடிச்சா என்ன ஆகும்?"

இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். என் கையில் ஒரு பதில் தயாராக இருந்தது. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, எடைக்கு எடை கணக்குப் போட்டால் இந்தக் குழந்தை குடித்தது ஒன்றுமே இல்லை. அதை மட்டும் சொல்லியிருந்தால் டாக்டருக்கு நிம்மதி, மஞ்சுளாவுக்கு நிம்மதி, எங்கள் நிலையத்துக்குப் பெரிய நிம்மதி. எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். படித்தவர்கள் தயாராக வைத்திருக்கும் பதில் பெரும்பாலும் கேட்கிறவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பத்தான் பயன்படுகிறது.

"எலிக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். குழந்தைக்கு என்ன ஆகும்னு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். இதுவரைக்கும் யாரும் குடிச்சதில்ல."

டாக்டர் என்னை முறைத்தார். அந்த முறைப்பு நியாயமானது. பிறகு, "அட்மிட் பண்றேன். ரத்தம் எடுங்க, எல்லா டெஸ்ட்டும் அனுப்புங்க" என்று நர்ஸிடம் சொன்னார்.

வெளியே வந்து நின்றபோது இயக்குநர் கூப்பிட்டார். கால்வாய் ஓரத்தில் இருந்து பேசினார்.

"மேடம், ஆஸ்பத்திரியில கலவை விவரத்தை மட்டும் சொல்லாதீங்க. காப்புரிமைக்கு விண்ணப்பிச்சிருக்கோம்."

"சொல்லிட்டேன் சார்."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையும்."

"அளவு?"

"அதையும்."

"சரி" என்றார். "குழந்தை எப்படி இருக்கா?" அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டார்.

அங்கே நிலவரம் நன்றாக இல்லை. பாட்டிலைத் திருப்பித் தர யாரும் தயாராக இல்லை. குடுத்ததைப் பிடுங்குகிறார்களே, வேறு ஏரியாவுக்கு விற்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மாணவர்கள் எங்கிருந்தோ ஒரு ஒலிபெருக்கி ஆட்டோவைப் பிடித்து வந்திருந்தார்கள். என்ன சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

"உட்கொள்ளத் தகாததுனு சொல்லலாம்னு இருக்கேன்" என்றார்.

"யாருக்கும் புரியாது சார். விஷம்னு சொல்லுங்க."

"மேடம், விஷம்னு ஒரு தடவை மைக்ல சொல்லிட்டா அவ்வளவுதான். இந்த ஏரியாவுல மட்டும் இல்ல, எங்கயுமே நம்மள உள்ள விடமாட்டாங்க. இத்தனை வருஷ வேலை."

"விடமாட்டாங்க சார்."

"யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். துண்டிக்க மறந்துவிட்டார். ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றபடி நான் மீதியைக் காதால் கேட்டேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தார். "தங்களுக்கு வழங்கப்பட்ட இயற்கைத் தயாரிப்பானது உட்கொள்ளத் தகாதது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்." யாரோ ஒருவர், "இன்னா சார், எலெக்சனா?" என்று கேட்டார். ஒரு கிழவர் குரல், "நான் ரெண்டு வேளை குட்சிட்டேன் நைனா, முட்டி வலி கொறஞ்சிகீது, பாட்டில தர மாட்டேன்" என்றது. சிரிப்பு கேட்டது. அப்புறம் மைக்கில் கரகரவென்று சத்தம். அப்புறம் இயக்குநரின் குரல், வாசகம் எதுவும் இல்லாமல்.

"விஷம். அது விஷங்க. ஒரு குழந்தை குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குது. தப்பு எங்க மேல. குடிச்சவங்க எல்லாரும் இந்த ஆட்டோவுல ஏறுங்க."

தன் திட்டத்துக்குத் தானே கொள்ளி வைத்த மனிதர் அவர். அவரைப் பற்றி நீங்கள் வேறு கதைகளும் கேள்விப்படுவீர்கள். கதவில் எழுதியதை வைத்து நானும் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அந்த மைக் சத்தத்தைக் கேட்ட பிறகு, அவருக்குக் கீழே வேலை பார்த்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

பாட்டில்கள் எல்லாம் திரும்பி வந்தன. குடித்தவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கிழவரும் வந்தார், முட்டி வலி மறுபடி வந்துவிட்டது என்று எங்களைத் திட்டிக்கொண்டே. ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வயிற்றைப் புரட்டியதோடு சரி.

யாழினிக்கும் எங்கள் விஷத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எடுத்த ரத்தத்தில் வேறொன்று தெரிந்தது. டெங்கு. மறுநாள் காய்ச்சல் இறங்கியது, மஞ்சுளா முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் இறங்கும்போதுதான் என்று நமக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டாச்சு என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சாயந்தரம் குழந்தையின் கைகால் சில்லிட்டது. ரத்தத்தில் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கின. அந்த டாக்டர் கட்டிலை விட்டு நகரவே இல்லை. நான் வராந்தாவில் மஞ்சுளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னோடு பேசவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது.

நடுவில் ஒரு நாள், மாற்றுத் துணி எடுத்துவர மஞ்சுளாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நீல டிரம். மூடியைத் தூக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். தண்ணீர் முழுக்கப் புழுக்கள், குதூகலமாக இருந்தன.

"இதுல ஊத்தலையா மஞ்சுளா?"

"இதுலயா?" என்றாள் அவள். "மருந்த யாராச்சும் தண்ணில கொட்டுவாங்களா மேடம்?"

டிரம்மைக் கவிழ்த்து, உள்ளே தேய்த்துக் கழுவிவிட்டு வந்தோம். எந்தச் சாறும் தேவைப்படவில்லை.

யாழினி வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் ஒரு செய்தி பரவியது. மருந்து உள்ளே போய் டெங்குவை வெளியே தள்ளியது, அதனால்தான் குழந்தை பிழைத்தது. அதே ஆட்கள், அதே மூலை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது தப்பாகப் போயிற்று என்று வருத்தப்பட்டார்கள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நிதி கொடுத்தவர்கள் தரப்பில் இருந்து ஒருவர் வந்து, தாயையும் மகளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று இயக்குநரைக் கேட்டார். அவர், "எதுக்கு, நாங்க விஷம் குடுத்தும் பொழைச்சதுக்கா?" என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

இந்த வேலையில் திட்டு வாங்கும்போது என்ன செய்வது என்று நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நன்றி சொல்லும்போதுதான் சறுக்கும். யாராவது உங்களைக் கும்பிட்டால், எதற்காக என்று உட்கார வைத்துக் கேளுங்கள். நாங்கள் வீடு வீடாகப் போய், அந்தப் பாட்டில் குழந்தையைக் காப்பாற்றவில்லை, ஆஸ்பத்திரிதான் காப்பாற்றியது என்று சொன்னோம். பாட்டிலைக் கொடுத்ததைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. சிலர் கடைசி வரை நம்பவில்லை. மஞ்சுளா நம்பினாள் என்றுதான் நினைத்தேன்.

அதனால்தான், கொஞ்ச நாள் கழித்து அவள் அடையாறு நிலையத்தின் வாசலில் வந்து நின்று, "மேடம், அந்த மருந்து ஒரே ஒரு பாட்டில் வோணும்" என்றபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"யாருக்கு?"

"அக்கா பையனுக்கு. ஊருக்கு வெளிய மாத்திவுட்டாங்களே, அங்க கீறா அக்கா. அவனுக்கு ஜொரம். யாழினிக்கு வந்த மாதிரியே கீது. கண்ணெல்லாம் செவந்துகினு, எதுவும் துன்ன மாட்டேன்றான்."

"மஞ்சுளா, எத்தன தடவ சொன்னேன். அது விஷம். அது ஒண்ணும் குணப்படுத்தல."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

அவள் என்னை, விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"குடுக்க மாட்டேன் மேடம். அவனுக்கு ஒரு சொட்டு குடுக்க மாட்டேன், எம்பொண்ணு மேல சத்தியம். காட்டறதுக்கு தான். ஜொரம்னு தூக்கினு போனா மாத்தர குட்த்து அனுப்ச்சிடறாங்க. நேத்து கூட அனுப்ச்சிட்டாங்க. யாழினியும் மொதல்ல அப்டி தான அனுப்ச்சாங்க? விஷம் குட்சிட்சினு பாட்டில காட்னதும் தான உள்ள இட்டுனு போனாங்க, ரத்தம் எட்த்தாங்க. காலி பாட்டிலா இருந்தா கூட போதும் மேடம்."

நான் இத்தனை வருடம் இந்தத் துறையில் இருந்திருக்கிறேன். எங்கள் சாறு எதற்கெல்லாம் பயன்படும் என்று பெரிய கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்தப் பயன் என் எந்த உரையிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை.

பாட்டில் கொடுக்கவில்லை. உள்ளே போய் இயக்குநரிடம் சொன்னேன். அவர் தன் காரின் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். மஞ்சுளாவும் நானும் போய் அவள் அக்காவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வழியெல்லாம் பையன் அக்காவின் மடியில் அசையாமல் கிடந்தான். மஞ்சுளா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "பாட்டில் இல்லாம போறோம் மேடம்" என்றாள், குறையாக இல்லை, நினைவுபடுத்துவதுபோல.

வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எல்லார் மடியிலும் ஒரு குழந்தை, எல்லார் கையிலும் அதே மாத்திரைச் சீட்டு. உள்ளே அதே டாக்டர். தூங்கி நாளாகியிருக்கும் போல இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தே வந்துவிட்டார்.

"மறுபடியுமா மேடம்? இவன் எவ்வளவு குடிச்சான்?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். அவள் அக்காவும் பார்த்தாள். ஒரு மூடி என்று நான் சொன்னால் போதும். அடுத்த நிமிஷம் ஊசி, ரத்தம், கட்டில். நான் சொன்னால் அந்த டாக்டர் கேள்வியே கேட்டிருக்க மாட்டார், ஏனென்றால் முன்பு அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"ஒண்ணும் குடிக்கல டாக்டர்" என்றேன். "காய்ச்சல் மட்டும்தான். ஆனா குடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதப் பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பையனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நர்ஸ் பக்கம் திரும்பி, "கட்டில் எதுவும் இல்லைனா என் மேசையைக் காலி பண்ணுங்க" என்றார்.